மின்சாரக் காரில் தூரப் பயணம்: சார்ஜுக்கும் ஒரு ஸ்டொக் கணக்கு வேண்டும்

கடையில் கடைசி சீனி மூடையும் முடிந்த பிறகு ஓடர் கொடுக்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. ஐந்து மூடை மிஞ்சும்போதே சொல்லி விடுகிறோம். லொறி பிந்தினாலும் கடை நடக்க வேண்டுமல்லவா? மின்சாரக் காரில் தூரப் பயணம் போவதற்கும் இதே கணக்குத்தான்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின் நமது வியாபாரிகள் பலர் மின்சாரக் கார் விசாரிக்கிறார்கள். ஊருக்குள் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் காலையில் தயார். தூரப் பயணத்தில்தான் திட்டம் தேவை.

எனது நண்பர் ஒருவர் நிலுவைக் காசு சேர்க்க மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வழியில் அவர் நம்பியிருந்த சார்ஜர் பழுது. மாற்று இடம் பார்த்து வைத்திருக்கவில்லை. ஒரு கடையின் சாதாரண பிளக்கில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு இருந்தார். போய்ச் சேரும்போது கடைகள் பூட்டியாகி விட்டன. மறுநாள் பார்த்தால், இவருக்கென வைத்திருந்த காசு வேறு கடனுக்குப் போய்விட்டது. பிழை காரில் இல்லை, கணக்கில்.

உண்மையான கொள்ளளவு

பழைய நிசான் லீவ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பற்றரி 40 யூனிட் என்று இருக்கும். பாவித்த காரில் அது 32 யூனிட்டாகக் குறைந்திருக்கலாம். ஏசி போட்டு ஓடினால் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்று வையுங்கள். முழு சார்ஜில் 192 கிலோமீற்றர்.

இதில் கடைசி 20 சதவீதத்தைத் தொடக்கூடாது. அது அவசரக் கையிருப்பு. அதேபோல் வழியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற நிற்கவும் வேண்டாம். அதற்கு மேல் சார்ஜ் மிக மெதுவாகவே ஏறும். ஆகவே வீட்டிலிருந்து முதல் ஓட்டம் 154 கிலோமீற்றர், அதன்பின் ஒவ்வொரு ஓட்டமும் 115 கிலோமீற்றர்.

வழியைப் பிரித்தல்

கொழும்பிலிருந்து குருநாகல், ஹபரணை வழியாக மட்டக்களப்பு சுமார் 315 கிலோமீற்றர். தம்புள்ளை சுமார் 150 இல் வரும். அங்கே 40 நிமிட வேக சார்ஜ், அதுவே பகல் சாப்பாட்டு நேரம். அடுத்தது பொலன்னறுவை, சுமார் 67 கிலோமீற்றர். அங்கே அரை மணி நேரம் போட்டால் மிச்சமுள்ள 100 கிலோமீற்றரையும் கையிருப்பைத் தொடாமல் ஓடலாம்.

குருநாகலில் மீட்டரைப் பாருங்கள். 50 சதவீதத்துக்குக் குறைவென்றால் தம்புள்ளை வரை இழுக்காமல் அங்கேயே ஏற்றுங்கள். ஹபரணைக்கு அப்பால் மாலையில் யானைகள் பாதையைக் கடக்கும். இருட்டுமுன் அப்பகுதியைத் தாண்டும்படி நேரத்தை வையுங்கள்.

புறப்படுமுன்

முதலாவது, பிளக். ஜப்பானிலிருந்து வந்த லீவ் கார்களுக்கு வேக சார்ஜ் சாடெமோ பிளக்கில்தான். புதிதாக வரும் கார்கள் பலவற்றுக்கு சிசிஎஸ் 2. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் என்றால் ஜிபி/டி. ஒன்று மற்றதில் பொருந்தாது. சார்ஜர் இருந்தும் பட்டினி கிடக்க நேரும்.

இரண்டாவது, தொலைபேசி. நிற்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் அன்று காலையே அழைத்து, வேலை செய்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். கையிருப்பு தீருமுன் போய்ச் சேரக்கூடிய மாற்று இடம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சூடு. 2010 முதல் வந்த முதல் இரு தலைமுறை லீவ் கார்களின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. ஒரே நாளில் பலமுறை வேக சார்ஜ் போட்டால் பற்றரி சூடேறி, அடுத்த சார்ஜ் மெதுவாகும். ஆகவே இரண்டாம் நிறுத்தத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கார் வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்காதீர்கள். மாதத்தில் எத்தனை தடவை தூரம் போகிறீர்கள், அந்த வழியில் உங்கள் காருக்குப் பொருந்தும் சார்ஜர் எத்தனை என்பதையும் எழுதிப் பாருங்கள். கணக்குச் சரிவந்தால் வாங்குங்கள். சரிவராவிட்டால் ஊர் ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் இலாபம் உண்டு.