விண்வெளிக் குப்பை: கண்காணிக்க ரேடார் உண்டு, பொறுப்பேற்கச் சட்டம்?

புது தில்லி: தமிழ் வணிகர்களுக்குப் பழக்கமான திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து தும்பா கடற்கரை அதிகத் தொலைவில் இல்லை. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது வானில் நெரிசல் இல்லை. இன்று, அந்நகரின் விக்ரம் சாராபாய் மையம் உருவாக்கிய ராக்கெட்டுகள் குப்பைக்கு வழிவிட்டுக் கிளம்புகின்றன. 2023 ஜூலையில் சந்திரயான்-3 நான்கு விநாடியும், பி.எஸ்.எல்.வி.-சி56 ஒரு நிமிடமும் தாமதமாக ஏவப்பட்டதற்கு மோதல் அபாயமே காரணம்.

ராக்கெட்டைப் பின்தொடர்வது எளிது. ரேடாரின் அழைப்புக்கு அதிலுள்ள கருவி பதிலளிக்கும். குப்பையிடமிருந்து மங்கலான எதிரொலி மட்டுமே வரும். தொலைவு இரு மடங்கானால் அதன் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலுள்ள ரேடார் ஒரே நேரத்தில் 10 பொருள்களைக் கண்காணிக்கும். எனினும், மோதல் எச்சரிக்கைக்கு இந்தியா பெரிதும் அமெரிக்கத் தகவலையே சார்ந்துள்ளது. இக்குறையைப் போக்கவே 2019-ல் 'நேத்ரா' திட்டம் தொடங்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டு மையம் 2020 டிசம்பரில் பெங்களூரில் திறக்கப்பட்டது.

குப்பை சேர்த்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 2001 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட்டின் இறுதிப் பகுதி சுற்றுப்பாதையில் வெடித்து, 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகே, பணி முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றும் முறை வந்தது. 2019 மார்ச் 27-ல் இந்தியா தன் செயற்கைக்கோளைத் தகர்த்துச் சோதித்தது சுமார் 300 கி.மீ. உயரத்தில் என்பதால், துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் விழுந்து அழிந்தன. 2007-ல் சீனா 800 கி.மீ.க்கும் மேலே நடத்திய சோதனையின் துண்டுகளோ 3,000-ஐத் தாண்டின. அவற்றில் பல இன்றும் சுற்றுகின்றன.

2023 ஜூலையில் ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய உலோக உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் பகுதி என உறுதியானது. எவருக்கும் பாதிப்பில்லை. பாதிப்பு நேர்ந்திருந்தால், 1972-ம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி இழப்பீடு தர வேண்டியது இந்திய அரசு. ஏவியது தனியார் நிறுவனமானாலும் இதுவே விதி.

2022 நவம்பரில் 'ஸ்கைரூட்' நிறுவனம் ராக்கெட்டை ஏவியதிலிருந்து இக்கேள்வி ஏட்டளவில் இல்லை. 2017-ல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்கு விடப்பட்டது. 2023-ல் வந்ததோ கொள்கை அறிக்கை. 2030-க்குள் குப்பையில்லா ஏவுதல் என்ற இலக்கை, தனியாருக்கும் சேர்த்து, இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. இலக்கை மீறுவோரிடம் எவ்வளவு வசூலிப்பது, காப்பீடு யார் பொறுப்பு என்பதைக் கொள்கை அறிக்கையால் கட்டாயமாக்க இயலாது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால்தான் இயலும். அதுவரை, தனியார் ராக்கெட்டால் நேரும் இழப்புக்கும் வரி செலுத்துவோரே பிணை.