மலைச்சரிவுக்கு ஏற்ற சிறு டிராக்டர்

சேர்வராயன் மலையில் சிறு டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயிகள், சமவெளியில் நன்கு உழைக்கும் யந்திரம் மலையிலும் அவ்வாறே உழைக்கும் எனக் கருதலாகாது. தேர்வு தவறினால் கடன் ஒருபுறம், உயிருக்கு ஆபத்து மறுபுறம்.

முதலில் நாம் கவனிக்கவேண்டியது உயரம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே எஞ்சினின் வலுவும் குறையும். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் நூற்றில் ஒரு பங்கு வலுவை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 15 குதிரைத்திறன் எஞ்சின் ஏற்காட்டில் 13க்கும் சற்றுக் குறைவாகவே தரும். எனவே, தேவையான திறனுடன் ஆறில் ஒரு பங்கு கூட்டி வாங்குதல் நலம்.

அடுத்தது அளவு. காப்பிச் செடிகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 6 அடியே. மேலும், சரிவில் மண்ணைக் கிளறினால் மழை அதனை அடித்துச் செல்லும். ஆதலின் காப்பித் தோட்டத்தினுள் டிராக்டர் உழவு வேண்டாம். சமப்படுத்திய நிலத்தை உழுவதும், எருவும் விளைபொருளும் ஏற்றிச் செல்வதுமே அதற்குரிய பணிகள். குறுகிய படிநிலங்களுக்குப் பவர் டில்லர் போதும். அகன்ற நிலமும் வண்டிப்பாதையும் உடையோர்க்கு, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் 15 முதல் 20 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர் ஏற்றது.

எஞ்சின்களுள் டீசல் எஞ்சினே சிறந்தது. அது குறைந்த வேகத்திலும் நன்கு இழுக்கும், எரிபொருளும் சிக்கனம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் எளிய அமைப்புடையது. இரட்டை சிலிண்டரில் அதிர்வு குறைவு. அருகில் எதற்கு உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கின்றனவோ அதையே கொள்ளுக.

இறக்கத்தில் பாரமேற்றிய டிரெய்லர், இலேசான டிராக்டரைத் தள்ளிவிடும். ஆகவே வாங்குமுன் நமது பாதையிலேயே பாரத்துடன் ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்கவேண்டும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் செல்க. கிளட்சை மிதித்து உருளவிடற்க. சரிவின் குறுக்கே ஓட்டுதலைத் தவிர்க்க. யந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இன்றி வாங்கவே கூடாது.

ஓரிரு ஏக்கர் உடையோர் தனித்தனியே கடன்படுவானேன்? வேளாண்மைப் பொறியியல் துறை யந்திரங்களை வாடகைக்கு அளிக்கிறது. வாங்குவோர்க்கு அரசு மானியத் திட்டங்களும் உள்ளன. ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரின் நிலங்களையும் பாதைகளையும் அளந்து, பலருக்கும் பயன்படும் ஒரு யந்திரத்தைக் கூட்டாகப் பெற வழிகாட்டினால், உழவரின் கடன்சுமை குறையும். யந்திரமும் வேலையின்றித் துருப்பிடிக்காது.