தில்லைச் சிற்றம்பலமும் பொன் வேய்ந்த சோழரும்

சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் எழுந்தருளியுள்ள சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்த சோழன் யாவன் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் எழுப்பிய வினா. அதனை ஈண்டு ஆராய்வாம்.

சான்றுகள் இரு திறத்தன. பெரிய லெய்டன் செப்பேடும், முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும் அப்பணியை முதற் பராந்தகனுக்கு (907–955) உரியதாக்குகின்றன. அவன் மைந்தர் கண்டராதித்தர், பாண்டிநாடும் ஈழமும் கொண்ட சோழன் பொன்னணிந்த செய்தியைத் தம் திருவிசைப்பாவில் கூறுவதும் பராந்தகனையே குறிக்கும். நம்பியாண்டார் நம்பியோ, இடங்கழி நாயனாரைப் போற்றுமிடத்து, கொங்குநாட்டுப் பொன்னால் அம்பலத்தின் முகட்டை அணிந்தவன் ஆதித்தன் என்கின்றார். அவன் பராந்தகனின் தந்தையாகிய முதலாம் ஆதித்தன் (871–907) எனக் கொள்வர்.

செப்பேட்டை ஏற்று இலக்கியத்தைத் தள்ளுதல் எளிது. ஆயின், அம்பலத்தின் அமைப்பை நோக்குவார்க்கு அங்ஙனம் தள்ள வேண்டாமை புலனாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அடிமுதல் முடிவரை கல்லால் இயன்றது. சிற்றம்பலமோ, கற்பீடத்தின்மேல் மரத்தால் எழுப்பப்பெற்று, சாய்ந்திறங்கும் கூரை உடையது. நாற்புறமும் கல்மதில்களும் வானளாவிய கோபுரங்களும் எழுந்த பின்னரும், கருவிடம் தன் பழைய குடில் வடிவை விடவில்லை. மரம் நாளடைவில் நலியும். அதன்மீது தைத்த தகடும் வெயிலாலும் மழையாலும் நெகிழும். ஆகவே இக்கூரை காலந்தோறும் புதுக்கப்பெற வேண்டுவதாகும்.

சொல்லும் இதற்குத் துணை நிற்கின்றது. 'வேய்தல்' என்பது புல்லும் ஓலையும் கொண்டு கூரை மூடுதலைக் குறிக்கும் வினை. வேய்ந்த கூரையை மீண்டும் வேய்தல் உலக வழக்கு. பொன்னம்பலத்திற்கும் அவ்வினையே வழங்குதல் கருதத்தக்கது. இக்கல்வெட்டு வழக்கில் அது 'மேய்தல்' எனவும் வரும். விக்கிரம சோழன் தன் பத்தாம் ஆட்சியாண்டில் (1128) அம்பலம் சூழ்ந்த திருமாளிகையையும் கோபுர வாயிலையும் பொன் மேய்ந்தமையை அவன் மெய்க்கீர்த்தி கூறும். இதனால், தில்லையில் பொன் வேய்தல் ஒரே வேந்தனோடு முடிந்த பணியன்று என்பது தெளிவு.

எனவே, தந்தை முகட்டைப் பொன்னால் அணிய, மைந்தன் அதனைப் பெருக்கியோ புதுக்கியோ வேய்ந்தான் எனக் கொள்ளின் இருதிறச் சான்றும் முரணின்றிப் பொருந்தும். இஃது எம் கருத்தே, முடிந்த முடிபன்று. எனினும், ஒரு கட்டடத்தின் வரலாறு காண்பார் ஏட்டையும் கல்வெட்டையும் ஒப்பிடுவதோடு அமையாது, அக்கட்டடம் எப்பொருளால் ஆயது என்பதையும் வினவுதல் வேண்டும் என்பதே யாம் வற்புறுத்துவது.