ஒரு மில்லத், இரண்டு தௌலத்: துருக்கி – அஸர்பைஜான் நட்புறவு குறித்துச் சில சிந்தனைகள்

'மில்லத்' என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைக் 'காயிதே மில்லத்' என்று அழைக்கும்போது சமுதாயத்தின் தலைவர் என்ற பொருளிலேயே அச்சொல்லை ஆளுகிறோம். 'மில்லத்து இப்ராஹீம்' என்று அருள்மறையில் வருமிடங்களில் அது மார்க்கத்தைக் குறிக்கும். உஸ்மானியப் பேரரசின் ஆட்சி முறையிலும் சமயவழிச் சமூகங்களே மில்லத்துகள் எனப்பட்டன. ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் ஒரு மில்லத். யூதர்கள் ஒரு மில்லத். அதே சொல் இன்றைய துருக்கி மொழியில் மார்க்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'தேசிய இனம்' என்னும் பொருளைப் பூண்டு நிற்கிறது. அஸர்பைஜானின் அதிபராக 1993 முதல் 2003 வரை விளங்கிய ஹைதர் அலியேவ், தம் நாட்டையும் துருக்கியையும் 'ஒரு மில்லத், இரண்டு தௌலத்' என்று வருணித்தது இந்தப் புதிய பொருளில்தான். நம்மிடையே தௌலத் என்றால் செல்வம், அங்கே அரசு. இந்த உறவில் செல்வத்துக்குள்ள இடத்தைப் பார்க்கும்போது நம்முடைய பொருளும் அதற்குப் பொருந்தாமற் போகவில்லை.

மார்க்கம் கற்றோர் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு. துருக்கியரில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த சுன்னத் ஜமாஅத்தினர். அஸர்பைஜானியரில் பெரும்பாலோர் பன்னிரு இமாம்களைப் பின்பற்றும் ஷியாக்கள். கொள்கை அடிப்படையில் நோக்கினால் அஸர்பைஜானுக்கு நெருக்கமாக இருந்திருக்க வேண்டியது ஈரான். ஈரானின் வடமேற்கில் அஸரி மொழி பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். எனினும், துருக்கியும் அஸர்பைஜானும் ஆர்மீனியாவுக்கு எல்லைகளை அடைத்திருந்த காலத்தில், அந்நாட்டுக்குத் தெற்கு வாசலாக விளங்கியது ஈரான்தான். எனவே மத்ஹப் இந்த நட்பை விளக்காது. மொழியுறவு ஓரளவு விளக்கும். ஆனால் மொழியால் ஏற்பட்ட பாசம் கதவைத் திறந்துவிட்டதே தவிர, அக்கதவு மீண்டும் அடைபடாமல் காத்தவை ஏட்டில் எழுதிய உடன்படிக்கைகளும் மண்ணில் புதைத்த குழாய்களுமே என்பது நம் கருத்து.

கதவு ஒருமுறை அடைபட்டதும் உண்டு. 1918 மே 28இல் அஸர்பைஜான் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு வாரத்தில், ஜூன் 4இல், பாத்தும் நகரில் உஸ்மானிய அரசு அதனோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. செப்டம்பர் 15இல் நூரி பாஷாவின் தலைமையில் 'காகசஸ் இஸ்லாமியப் படை' பாகூ நகருக்குள் நுழைந்தது. ஆயினும் அக்டோபர் இறுதியில் முத்ரோஸ் போர்நிறுத்தம் வந்துவிடவே அப்படை பின்வாங்க வேண்டியதாயிற்று. 1920 ஏப்ரலில் செஞ்சேனை பாகூவைக் கைப்பற்றியது. எஞ்சியது 1921ஆம் ஆண்டின் கார்ஸ் உடன்படிக்கை. நக்ஷிவான், அஸர்பைஜானின் பாதுகாப்பிலுள்ள தன்னாட்சிப் பகுதியாக இருக்கும் என்று அதில் எழுதப்பட்டது. அஸர்பைஜானின் பெருநிலத்திலிருந்து ஆர்மீனிய மண்ணால் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் இப்பகுதியில்தான், சுமார் 17 கி.மீ. நீளத்துக்கு, இரு நாடுகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்த 1991 நவம்பர் 9ஆம் நாள், அஸர்பைஜானின் விடுதலையை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாடு துருக்கி. 1992 மே மாதம் அராஸ் ஆற்றின்மீது நக்ஷிவானை துருக்கியோடு இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. 1993இல் கெல்பஜர் மாவட்டத்தை ஆர்மீனியப் படைகள் கைப்பற்றியதும் துருக்கி ஆர்மீனிய எல்லையை மூடியது. அண்டை நாட்டோடு வணிகத்தை இழந்த தன் கிழக்கு மாவட்டங்களின் நலிவையும் பொறுத்துக்கொண்டு எடுத்த முடிவு அது.

இனி எண்ணெய்க்கு வருவோம். 1994 செப்டம்பரில் காஸ்பியன் கடலின் எண்ணெய் வயல்களுக்காக மேற்கத்திய நிறுவனங்களோடு அஸர்பைஜான் செய்த ஒப்பந்தம் 'நூற்றாண்டின் ஒப்பந்தம்' எனப் பெயர் பெற்றது. கடல்வழியற்ற அந்நாட்டின் எண்ணெய் எவ்வழியே உலகை அடையும் என்பதே அடுத்த கேள்வி. வடக்கே செல்லும் குழாய் ரஷ்யாவின் பிடியிலிருந்தது. தெற்கே ஈரான் வழியை அமெரிக்கா ஏற்கவில்லை. கருங்கடலில் கப்பலேற்றினால், நெரிசல் மிகுந்த பாஸ்பரஸ் நீரிணையில் இஸ்தான்பூலின் வீட்டு வாசல்களை ஒட்டி எண்ணெய்க் கப்பல்கள் செல்ல வேண்டும். ஆர்மீனியா வழி பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஜார்ஜியாவைச் சுற்றி, பாகூ – திபிலிசி – ஜெய்ஹான் குழாய் உருவானது. அஸர்பைஜானில் 443, ஜார்ஜியாவில் 249, துருக்கியில் 1,076 என மொத்தம் 1,768 கி.மீ. நீளமுடைய இக்குழாய் 2006இல் மத்தியதரைக் கடற்கரையில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. சகோதரத்துவத்தின் சின்னமாகப் போற்றப்படும் இக்குழாய் தொடங்கப்பட்டபோது அதன் மிகப்பெரும் பங்குதாரராக இருந்தது பிரிட்டனின் பி.பி. நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் எரிவாயுக் குழாய் எர்ஸுரூமுக்கு வந்தது. 2018 ஜூனில், ஜார்ஜிய எல்லையிலிருந்து கிரேக்க எல்லைவரை ஏறத்தாழ 1,850 கி.மீ. நீளமுள்ள அனத்தோலியக் குழாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இஸ்மீர் அருகே அலியாகாவில் அஸர்பைஜான் அரசின் சோகார் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு கோடி டன் எண்ணெயைத் தூய்மிக்கும் ஆலையைத் திறந்தது. ஒரு காலத்தில் கையேந்தி வந்த இளைய சகோதரன் மூத்தவனின் வீட்டிலேயே முதலீட்டாளனாகிவிட்டான்.

இந்த உறவு சோதனைக்குள்ளான ஆண்டு 2009. அவ்வாண்டு அக்டோபர் 10இல் ஸூரிக் நகரில் துருக்கியும் ஆர்மீனியாவும் எல்லையைத் திறப்பதற்கான ஆவணங்களில் கையொப்பமிட்டன. கராபாக் பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. பாகூ கொதித்தெழுந்தது. சில நாள்களில் புர்ஸாவில் நடந்த துருக்கி – ஆர்மீனியா கால்பந்தாட்டத்தில் அஸர்பைஜான் கொடிகளுக்குத் தடை விதிக்கப்பட, பாகூவின் ஷஹீதுகள் அடக்கத்தலத்திலிருந்து துருக்கிக் கொடிகள் அகற்றப்பட்டன. தம் எரிவாயுவைத் துருக்கி சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்குப் பெற்று வருவதாக அதிபர் இல்ஹாம் அலியேவ் வெளிப்படையாகவே முறையிட்டார். அதே அக்டோபரில் ரஷ்யாவின் காஸ்ப்ராமுக்கு எரிவாயு விற்கவும் ஒப்பந்தம் செய்தார். ஸூரிக் ஆவணங்கள் இறுதிவரை நாடாளுமன்ற ஒப்புதல் பெறவேயில்லை. ஒரே மில்லத் என்ற முழக்கம் அந்த அக்டோபரில் எவரையும் கட்டுப்படுத்தவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். பாடம் இரு தலைநகரங்களுக்கும் புரிந்தது. 2010 ஜூனில் எரிவாயு விலைத் தகராறு தீர்க்கப்பட்டது. ஆகஸ்டில் கேந்திரக் கூட்டுறவு, பரஸ்பர உதவி ஆகியவற்றுக்கான உடன்படிக்கை கையொப்பமானது. 2020ஆம் ஆண்டின் 44 நாள் போரில் துருக்கியின் ஆளில்லா விமானங்கள் ஆற்றிய பங்கு யாவரும் அறிந்தது. 2021 ஜூன் 15இல் ஷூஷா நகரில் எர்துகானும் அலியேவும் வெளியிட்ட பிரகடனம், மூன்றாம் நாடு தாக்கினால் ஒருவருக்கொருவர் துணைநிற்பர் என்று அறிவித்தது.

வணிகத் துறையில் முழக்கத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருக்கிறது. 2023க்குள் இருதரப்பு வணிகத்தை 1,500 கோடி டாலராக்குவது என்று இலக்கு வைத்தனர். அவ்வாண்டில் அது பாதியளவைச் சுற்றியே நின்றது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த முன்னுரிமை வணிக உடன்படிக்கை விரல்விட்டு எண்ணத்தக்க பொருள்களையே தழுவியது. 2021 ஏப்ரல் முதல் கடவுச்சீட்டின்றி அடையாள அட்டையைக் கொண்டே இரு நாட்டாரும் பயணம் செய்யலாம் என்றானது. ஆனால் 2020இல் நோய்த்தொற்றை முன்னிட்டு அடைத்த தரை எல்லைகளைப் பயணிகளுக்குத் திறக்காமல் அஸர்பைஜான் ஆண்டுக்கணக்கில் நீட்டித்து வந்தது. அட்டை இருந்தும், விமானச் சீட்டு வாங்க வசதியற்ற எளியவருக்கு அதனால் என்ன பயன்? வட சைப்ரஸின் துருக்கியக் குடியரசை அஸர்பைஜான் முறைப்படி அங்கீகரிக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

நம் உள்ளத்தை உறுத்துவது இன்னொன்று. காஸாவில் நடந்த பேரழிவைக் கண்டித்து 2024 மே மாதம் துருக்கி இஸ்ரேலோடு வணிகம் அனைத்தையும் நிறுத்தியது. ஆனால் இஸ்ரேல் வாங்கும் கச்சா எண்ணெயில் கணிசமான பகுதி அஸர்பைஜானுடையது. அது கப்பலேறுவது ஜெய்ஹானில். இஸ்தான்பூலில் இளைஞர்கள் இதைக் கண்டித்துத் தெருவில் இறங்கினர். இஸ்ரேலைச் சேருமிடமாகக் காட்டி எக்கப்பலும் புறப்படுவதில்லை என்றது அரசு. கப்பல்களின் தடத்தை ஆராய்ந்தோர் அதை ஏற்கவில்லை. வாங்குவோரைத் தெரிவு செய்யும் உரிமையைக் குழாய் ஒப்பந்தம் துருக்கிக்குத் தரவில்லை என்ற வாதமும் வைக்கப்பட்டது.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அல்மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 72ஆம் வசனம், ஹிஜ்ரத் செய்யாத முஃமின்கள் மார்க்கத்தின் பெயரால் உதவி கோரினால் உதவுவது கடமை என்றும், நீங்கள் உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தாருக்கு எதிராக அன்று என்றும் விதிக்கிறது. ஆனால் இங்கே உடன்படிக்கை யாரோடு? இஸ்ரேலோடு அன்று, அஸர்பைஜானோடும் எண்ணெய் நிறுவனங்களோடும்தான். எனவே அவ்வசனத்தின் விலக்கு இங்கு நேரடியாகப் பொருந்தாது என்றே நாம் கருதுகிறோம். ஒப்பந்தத்தை ஒருதலையாக முறிப்பது ஆகாதெனினும், மறுதரப்பின் இசைவோடு அதன் நிபந்தனையை மாற்றலாம் என்பதில் ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடில்லை. மறுதரப்பில் முதலாவதாக அமர்ந்திருப்பவர் சகோதரர் அல்லவா? ஸூரிக்கின்போது துருக்கியிடம் உரிமையோடு முறையிட்ட பாகூவிடம் அங்காரா இதைக் கேட்டிருக்கலாம். கராபாக் போருக்கு இஸ்ரேலின் ஆயுதங்களையும் பெற்ற பாகூ எளிதில் இசைந்திருக்காது என்பதும் உண்மையே.

கார்ஸ் உடன்படிக்கையின் நக்ஷிவான் இன்று மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. ஈரான் வழியாக எரிவாயு பெற்றுவந்த அப்பகுதிக்கு, 2025 மார்ச்சில் துருக்கியின் இக்திர் நகரிலிருந்து குழாய் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 8இல் வாஷிங்டனில் ஆர்மீனியாவும் அஸர்பைஜானும் சமாதான உடன்படிக்கையின் வரைவுக்கு ஒப்பம் வைத்தன. நக்ஷிவானுக்கும் அஸர்பைஜானின் பெருநிலத்துக்கும் இடையே ஆர்மீனியாவின் தென்கோடி வழியாகப் பாதை அமைக்கவும் இசைவு ஏற்பட்டது. இரு வாரத்தில், கார்ஸிலிருந்து நக்ஷிவான் எல்லையிலுள்ள தில்உஜு வரை 224 கி.மீ. ரயில் பாதைக்குத் துருக்கி அடிக்கல் நாட்டியது. இவை நிறைவேறினாலும் இடையில் சுமார் 43 கி.மீ. ஆர்மீனியரின் மண்ணே. அங்கே அவர்களுடைய சட்டமே செல்லும் என்று வாஷிங்டனில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். கார்ஸிலிருந்து பாகூவுக்கு அவ்வழியே செல்லும் ரயில், உஸ்மானியர் தனி மில்லத்தாக எழுதி வைத்திருந்த அந்த மக்களின் இசைவைப் பெற்றே கடந்து செல்ல வேண்டும்.