நாயின் கண்ணுக்குக் கீழே வீங்கிச் சீழ் வடிகிறதா? பல்லைப் பாருங்கள்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் வளர்க்கும் விவசாயிகள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். நாயின் ஒரு கண்ணுக்குக் கீழே வீங்கும். சில நாளில் உடைந்து சீழும் ரத்தமும் வடியும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினால் ஆறியது போல இருக்கும். பிறகு அதே இடத்தில் மறுபடி வீங்கும். முள் குத்தியிருக்கும், பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் காரணம் பல்தான்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பெரிய கடைவாய்ப்பல்தான் கறியை வெட்டுவதும் எலும்பை உடைப்பதும். அதற்கு 3 வேர்கள். அவற்றின் நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை போகிறது. மாட்டெலும்பு, கல், இரும்புச் சங்கிலி போன்றவற்றைக் கடிக்கும்போது இந்தப் பல் சில்லாகப் பெயர்ந்துவிடும். அந்த வழியாகக் கிருமி இறங்கி, வேர் நுனியில் சீழ் கட்டி, முகத்தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஊசி போட்டால் வற்றும். கெட்ட பல் உள்ளே இருக்கும்வரை திரும்ப வரும். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பல்லை உடைப்பதும் அதே எலும்புதான்.

வலி இருந்தாலும் நாய் சாப்பிடுவதை நிறுத்தாது. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கமாகவே மெல்வது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது, துர்நாற்றம், தலையைத் தொடவிடாமல் உறுமுவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் திணறும் நாயைப் பார்த்து எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும். கடி பட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

பல் அறுவை சிகிச்சையை முழு மயக்கத்தில்தான் செய்ய முடியும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் அந்த வசதி இல்லாவிட்டால், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முந்தின இரவுக்குப் பிறகு தீனி வைக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் பல்லைத் துண்டாக்கி, வேர்களைத் தனித்தனியாக எடுத்து, ஈறைத் தைப்பார். அந்தத் தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

அதற்குப் பிறகு வேலை உங்களுடையது. முதல் நாள் இரவு நாய் தள்ளாடும். உடம்பு சில்லிட்டுப்போகும். கிணற்றங்கரை, தொட்டி பக்கம் விடாமல், காற்று அடிக்காத இடத்தில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். நன்றாக விழித்து, தானாக எழுந்து நின்ற பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் கஞ்சி. இரண்டு வாரத்துக்குக் குழைந்த சோறு, ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த முட்டை போதும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டாம். எலும்பு, தேங்காய் மட்டை, கயிறு எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது. காவலுக்கு அவிழ்த்துவிட்டால் இதெல்லாம் நடக்காது. அதுவரை வீட்டோடு கட்டிப்போடுங்கள். முகத்தைப் பிறாண்டினால், அடியை வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டிவிடலாம்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு நாய் செத்துப்போகலாம். மருத்துவர் எழுதியதை மட்டும் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுங்கள். வீக்கம் வற்றிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது.

ஓரிரு நாள் எச்சிலில் ரத்தம் கலந்து வருவது சகஜம். சொட்டுச் சொட்டாக ரத்தம் ஒழுகினாலோ, 24 மணி நேரம் கடந்தும் எதுவும் தின்னாவிட்டாலோ, தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தாலோ, தையல் விட்டிருக்கலாம் அல்லது வேறு கோளாறு இருக்கலாம். அன்றைக்கே திரும்ப அழைத்துப் போங்கள்.