ஆய்வகத்தில் வளரும் கருவும் அதன் மரபணுக்களும்

சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்க வரும் தம்பதியர் பலரும் தயங்கியபடியே எங்களிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு. தாயின் வயிற்றில் இருக்க வேண்டிய கரு ஐந்து நாள்கள் வரை ஆய்வகத்தில் வளர்கிறதே, அதனால் குழந்தைக்குத் தீங்கு நேருமா என்பதே அது. அறிவியல் இதுவரை அறிந்தவற்றை இங்கு விளக்குகிறோம்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

நம் உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுப்பே உள்ளது. அவற்றுள் எவை, எப்போது, எந்த அளவில் செயற்படுகின்றன என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். மரபணுவின் எழுத்துகள் மாறாதிருக்கும்போதும் அதன் செயற்பாடு சூழலுக்கேற்பக் கூடலாம், குறையலாம்.

கருவுற்ற முதல் இரண்டு நாள்கள், கருமுட்டையில் தாய் சேமித்து வைத்த மூலக்கூறுகளைக் கொண்டே கரு பெரிதும் இயங்குகிறது. நான்கு முதல் எட்டு உயிரணுக்கள் கொண்ட நிலையில், ஏறத்தாழ மூன்றாம் நாளில், அதன் சொந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன. தாய்வழி, தந்தைவழி என முத்திரையிடப்பட்ட சில மரபணுக்களின் வேதிக் குறிகளும் இந்நாள்களில் சிதையாமல் காக்கப்பட வேண்டும். ஆய்வக வளர்ப்பு நிகழ்வதும் இதே நாள்களில்தான்.

ஆய்வுகள் காட்டியவை

ஆய்வகத்தில் வளர்த்த கருக்களிலிருந்து பிறந்த செம்மறியாட்டுக் குட்டிகள் சில, இயல்பை மிஞ்சிய எடையுடன் இருந்தன. வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் ஐ.ஜி.எஃப்.2.ஆர் என்னும் மரபணுவின் செயற்பாடு அவற்றில் குறைந்திருந்ததை 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

மனிதக் கருக்களைப் பற்றிய தெளிவான சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கு இரண்டு வகை ஊட்டக் கரைசல்களில் கருக்களை வளர்த்து ஒப்பிட்டனர். ஒற்றைக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடையில் ஏறத்தாழ 160 கிராம் வேறுபாடு இருந்தது. கருக்களை ஆராய்ந்தபோது, இரு கரைசல்களுக்கிடையே ஏறத்தாழ 950 மரபணுக்களின் வெளிப்பாடு மாறுபட்டிருந்தது.

பெக்வித்-வீடமன் கூட்டறிகுறி என்பது முத்திரையிடப்பட்ட மரபணுக்களின் கோளாறால் வருவது. பெரிய நாக்கும் மிகையான வளர்ச்சியும் இதன் அடையாளங்கள். பொதுவாக 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நிலை, சோதனைக்குழாய் முறையில் பிறந்தோரிடையே சில மடங்கு கூடுதலாகப் பதிவாகியுள்ளது. சில மடங்கு கூடினாலும் இது அரிய நிலையே. 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது முதல் இம்முறையில் பல இலட்சம் குழந்தைகள் பிறந்துள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நலமாக உள்ளனர்.

ஆய்வகத்தில் காக்கப்படுவன

இத்தகைய ஆய்வுகளால் ஆய்வக நடைமுறைகள் மேலும் செம்மை பெற்றன. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. கருக்குழாயிலோ 2 முதல் 8 விழுக்காடுதான். மிகுதியான ஆக்சிஜன் கருவின் உயிரணுக்களை வருத்தும். ஆகவே இன்று பல ஆய்வகங்களின் இன்குபேட்டர்களில் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்படுகிறது. வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் அளவில் நிலைநிறுத்தப்படுகிறது. கரைசலின் அமிலத்தன்மை மாறாதிருக்க, கார்பன் டை ஆக்சைடின் அளவும் கண்காணிக்கப்படுகிறது. இன்குபேட்டரை அடிக்கடி திறந்தால் இவையனைத்தும் குலையும். எனவேதான் கருவைக் காண விரும்பும் பெற்றோரின் வேண்டுகோளை எப்போதும் ஏற்க இயலுவதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

கருவை எந்த நாளில் கருப்பைக்குள் செலுத்துவது, அதற்குக் காரணம் என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். சிகிச்சைக் குறிப்புகளின் படியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் உரிய காலங்களில் பதிவு செய்து வாருங்கள்.

சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்ததை உற்றார் உறவினரிடம் சொல்வதும் சொல்லாதிருப்பதும் உங்கள் விருப்பம். ஆயினும் குழந்தைநல மருத்துவரிடம் அதை மறைக்க வேண்டா. பெக்வித்-வீடமன் நிலையுள்ள குழந்தைகளுக்குச் சில வகைக் கட்டிகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி. பிறப்பின் பின்னணியை அறிந்த மருத்துவர், நாக்கின் பருமன், தொப்புளின் அமைப்பு, வளர்ச்சியின் வேகம் ஆகியவற்றைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார். தேவையானால் உரிய பரிசோதனைகளைக் காலத்தே தொடங்குவார்.