சூரியநெல்லிக்குப் போன சைக்கிள்

கல்யாணப் பந்தியிலோ சங்கத்துப் பொங்கல் விழாவிலோ நாற்பதைத் தாண்டிய நம்மவர் நாலு பேர் சேர்ந்துவிட்டால், சற்று நேரத்தில் பேச்சு வாடகை சைக்கிளுக்கு வந்துவிடும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுத்ததும், கால் எட்டாமல் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்ததும், முழங்கால் தோல் உரிந்ததை வீட்டில் மறைத்ததும் ஆளுக்கொரு விதமாக வரும். கேட்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். "இப்போது ஓட்டுவீர்களா?" என்று ஒருவர் கேட்டால் மட்டும் பந்தி அமைதியாகிவிடும்.

எனக்கு வயது 55. முப்பது ஆண்டுகளாக டில்லி வாசம். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் எடுத்துச் சொன்னார். நடைப்பயிற்சி எனக்கு அலுப்புத் தட்டும். அதனால் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்குப் போய், வளைந்த கைப்பிடி வைத்த ரோடு பைக் ஒன்றை வாங்கி வந்தேன். ஞாயிறு காலைகளில் இந்தியா கேட் பக்கம் ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் முழு ருசி தெரிந்தது கடந்த ஜனவரியில், நான் பிறந்த சூரியநெல்லிக்கு அதை எடுத்துப் போன பிறகுதான்.

போடிக்குச் சைக்கிள், மலைக்குக் கால்

சூரியநெல்லி எங்கே என்று கேட்கும் அன்பர்களுக்கு: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குக் கிழக்கே, சின்னக்கானலை ஒட்டிய தேயிலை மலை. எல்லைக்கு அந்தப் பக்கம் நம் தேனி மாவட்டம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றுவிட்டன. ஆனாலும் லயத்து வீடுகளில் பேச்சு தமிழ்தான். எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் கங்காணி பின்னால் போடி வழியாக நடந்தே மலையேறி வந்தவர்கள் நாங்கள்.

நடந்தே என்பதைச் சும்மா சொல்லவில்லை. இந்த மலைகளில் சக்கரம் ஏறிய கதையே தனி. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று ஓடியது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், சாயாமல் தாங்கப் பெரிய சக்கரம் ஒன்று தரையில், இழுப்பதற்கு மாடுகள். 1908இல் அது சிறிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை போன தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியைச் சேர்ந்தன. 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. தேயிலைக்குச் சக்கரமும் கம்பியும் இருந்தன. தேயிலை பறித்தவர்களுக்குக் கால்தான்.

என் காலத்திலும் அப்படியே. ஆறாம் வகுப்புக்கு என்னைப் போடியில் விடுதியில் சேர்த்தார்கள். சைக்கிள் கற்றது அங்கே, வாடகைக் கடையில். லீவுக்கு மலையேறும்போது சைக்கிள் கீழேயே நின்றுவிடும். லயத்தில் யாரிடமும் சைக்கிள் கிடையாது. அந்தக் கனமான வண்டியை மேட்டில் மிதிக்க யாரால் முடியும்? ஆகவே சைக்கிள் என்றால் போடி, சூரியநெல்லி என்றால் நடை என்றே எனக்குள் பதிந்துபோயிற்று.

அக்காவின் கேள்வி

டில்லியிலிருந்து சென்னைக்கு ரயில். சென்னையிலிருந்து போடிக்கே நேராக இன்னொரு ரயில். 2023 ஜூன் முதல் ஓடுகிறது. சக்கரங்களைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டிய சைக்கிளுடன் போடியில் இறங்கி, ஜீப் பிடித்து மேலே போனேன்.

என்னை விட மூன்று வயது மூத்த அக்கா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறாள். பெட்டியைப் பிரித்து நான் வண்டியை மாட்டியதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். பாதியைச் சொன்னேன். அதற்கே, "ஏன்டா தம்பி, கொழுந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு நாங்க கூலிக்கு ஏறுற மேட்டுல நீ காசு குடுத்து ஏறப் போறியாக்கும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வந்தபாடில்லை.

அந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வரும் மே மாதம் அக்கா ஓய்வு பெறுகிறாள். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு; வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் பிறந்ததும், அப்பா அம்மா கண்மூடியதும் அந்த இரண்டு அறைக்குள்தான். மே மாதத்துக்குப் பிறகு சூரியநெல்லியில் எங்களுக்கு என்று ஒரு கதவு இராது. போடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டேகால் மீட்டர்

மேட்டில் சைக்கிள் ஏறுவது எப்படி என்று பலர் கேட்டார்கள். கணக்கு எளிது. பழைய கறுப்புச் சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதளத்தில் அது சௌகரியம். மேட்டில் கால் தாங்காது. என் வண்டியில் முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. முன்னால் 34 பல்லும் பின்னால் 32 பல்லும் சேரும்படி சங்கிலியை மாற்றினால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர்தான் நகரும். பழைய வண்டி ஒரே தாவலில் தாண்டுவதை இது இரண்டு மூன்று சின்ன அடியாக நடக்கிறது. எடையும் பாதிதான்: பழையது 20 கிலோ என்றால் இது சுமார் 11. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ஆனால் கால் நிற்காது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிந்த ரகசியம்தான் இது: சின்ன அடியாக வை, நிற்காதே.

முதல் நாள் சின்னக்கானல் வரை. மறுநாள் பெரியகானல் தாண்டி கேப் ரோடு ஏற்றம். மூணாறு - போடிமெட்டு நெடுஞ்சாலை பல ஆண்டு வேலைக்குப் பின், இடையில் பெரும் மண்சரிவுகளையும் சந்தித்து, 2024 ஜனவரியில் அகலச் சாலையாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 42 கிலோமீட்டர். மெல்லிய டயருக்கு ஏற்ற வழவழப்பு. மாறாக, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதை கரடுமுரடு. சூரிய உதயம் பார்க்க விடியுமுன்னே ஜீப்புகள் குலுங்கிக்கொண்டு ஏறும். அந்தப் பக்கம் என் வண்டியைக் காட்டவில்லை.

ஜீப்பில் போனபோதெல்லாம் நான் பார்க்காத ஊரை இந்த நான்கு நாளில் பார்த்தேன். மேட்டில் நம் வேகம் நடப்பதை விடச் சற்றே கூடுதல். கொழுந்து கிள்ளும் பெண்களின் பேச்சு காதில் விழும். காய்கிற தேயிலையின் மணம் எந்த வளைவில் தொடங்குகிறது, ஏலக்காய் மணம் எங்கே அதை மாற்றுகிறது என்று மூக்குக்குத் தெரியும். "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டு ஒரு பெரியவர் நிறுத்தினார். அப்பா பெயரைச் சொன்னேன். கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார். காருக்குள் இருப்பவனை இப்படி யார் கேட்பார்கள்?

ஆனை இறங்கும் இடம்

ஆசைக்கு ஒரு எல்லை வேண்டும். இந்தப் பகுதி யானைகளின் வழித்தடம். ஆனையிறங்கல் என்று அணைக்கட்டுக்குப் பெயர் வந்தது சும்மாவா? ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது அடுத்த மாதமே கம்பத்துக்குள் நுழைந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் போனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன. ஆகவே, வெயில் நன்றாக ஏறிய பின் கிளம்புவது, மாலை நான்குக்குள் வீடு திரும்புவது, வழியில் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே போவது என்று அக்கா மகளின் வீட்டுக்காரர் விதித்த சட்டத்தை மீறவில்லை. மூடுபனிக்குப் பின்விளக்கு பகலிலும் எரிந்தது.

பதினேழு வளைவு

கடைசி நாள், போடியில் பார்த்து வைத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன், சைக்கிளிலேயே. மாப்பிள்ளை ஜீப்பில் பின்னால் வந்தார். ஆனையிறங்கல் தாண்டி பூப்பாறைக்கு இறக்கம். பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம். மெட்டில் நின்று பார்த்தால் கீழே போடிச் சமவெளி விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து முந்தல் வரை பதினேழு கொண்டைஊசி வளைவுகள்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்த வேண்டும். ஐந்தாவது வளைவு வரை பயம்தான். பிறகு எங்கேயோ பயம் கழன்று போயிற்று. குளிர் விலகி, ஒவ்வொரு வளைவுக்கும் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். மாப்பிள்ளை பின்னால் ஜீப்பில் கேட்டதாகச் சொன்னார். தாத்தா மூட்டையோடு ஏறிய மலை, நான் லீவுக்கு அழுதுகொண்டே இறங்கிய மலை. என் போடிச் சைக்கிளும் என் சூரியநெல்லியும் முதன்முதலாக ஒரே பாதையில் சேர்ந்தன. முந்தலில் நிறுத்தி, மாந்தோப்பு நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சைக்கிள்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கைக்குக் கொடுத்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அன்று அவர்களில் பலர் அக்காவின் வயதுக்காரிகள். அக்காவுக்குச் சைக்கிள் வாய்க்கவில்லை. அவளுடைய பேத்திக்கு வயது 13. என் வண்டியின் மணியை அடித்துப் பார்த்தே நான்கு நாளைக் கழித்தாள். இனி அவள் போடியில் படிப்பாள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். "அது வரைக்கும் காத்திருக்கணுமா தாத்தா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று போடிக் கடையிலேயே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா அதன் விலையைக் கேட்கவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் மொட்டை மாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. டியூப் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, பிரேக்கைச் சரிபார்த்து ஒரு ஞாயிறு காலை வெளியே எடுங்கள். ரோடு பைக் தேவையில்லை. இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஹெல்மெட் மறவாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, காரை அமர்த்தும் முன், அங்கே யாரிடமாவது ஒரு சைக்கிளை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரும் உங்களை நிறுத்தி, "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்கும். கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கும்போதே போய்விட்டு வாருங்கள்.